சமத்து நட்சத்திரம்

சிட்டுவுக்கு மூன்றாவது முறையாகக் காய்ச்சல் வந்தபோது, அவளுடைய அத்தை கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அத்தை பெருமூச்சு விட்டால் பின்னாலேயே ஒரு தீர்ப்பு வரும்.

"பிள்ளையை ஒழுங்கா கழுவி விட்டாத்தானே? நீ கடையே கதின்னு கிடக்கிறே. இவளை யார் பாக்குறா?"

சிட்டுவின் அம்மா வாயைத் திறக்கவில்லை. கணவரின் அக்காவுக்கு ஒரு பதில் சொன்னால் அது ஒரு வாரத்துக்கு ஓடும். ஈரத்துணியைப் பிழிந்து மகளின் நெற்றியில் போட்டாள். ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. கழுவிவிடாமலா? தெருமுனை கிளினிக்கில் டாக்டரும் அதைத்தான் சொன்னார். "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஒன்னுக்குப் போற இடத்துல கிருமி வர்றது சகஜம்மா. சுத்தமா வச்சுக்கங்க." தலையை நிமிர்த்தாமலே மருந்து எழுதிக் கொடுத்தார். முதல் முறையும் அதே பேச்சு, இரண்டாம் முறையும் அதே பேச்சு. அன்றிலிருந்து அவள் மகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில், பிள்ளை குளியலறை என்றாலே அழ ஆரம்பித்திருந்தாள்.

சிட்டு என்பது வீட்டுப் பெயர். ஓரிடத்தில் நிற்காமல் தத்திக்கொண்டே இருந்ததால் அப்பா வைத்தது. இரண்டரை வயதிலேயே டயப்பரை உதறியவள். தெருவிலிருந்த சின்ன பிளே ஸ்கூலில் இரண்டு வருடம் போனாள். ஒரு நாளும் ஜட்டியை நனைத்ததில்லை. இந்த வருடம் பெரிய பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் எல்லாம். காலையில் வயிற்றுவலி. இரண்டுக்குப் போவதென்றால் போராட்டம். டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பாள். இல்லையென்றால் ஒரு குதிகாலை அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, மூச்சைப் பிடித்தபடி எங்கோ பார்ப்பாள். "பாத்ரூம் வருதாடா?" என்று கேட்டால், "வரலையே" என்பாள்.

ஒருநாள் பள்ளி வாசலில் வகுப்பு மிஸ் ஒரு பிளாஸ்டிக் பையை அம்மாவின் கையில் கொடுத்தார். உள்ளே நனைந்த பாவாடை.

"இன்னும் பழக்கி விடலையாம்மா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

அன்றைக்கு அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சந்தோஷப்பட ஒரே ஒரு விஷயம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சிட்டு சட்டைப் பையில் தங்கநிற நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு வருவாள். "சமத்தா இருந்தா மிஸ் தருவாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவாள். அதை உரித்து பீரோ கதவில் ஒட்டுவார்கள். அம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுப்பாள். அப்பா கைதட்டுவார். பீரோவில் ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை தொடங்கியிருந்தது.

இந்த முறை தெருமுனை கிளினிக் வேண்டாம் என்று அம்மாவுக்குத் தோன்றியது. அவள் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டில் பக்கத்து பில்லிங் கவுன்ட்டர்க்காரி ஒரு குழந்தைகள் டாக்டரைச் சொன்னாள். "கூட்டமா இருக்கும். ஆனா காது கொடுத்துக் கேப்பாங்க."

உண்மையிலேயே கூட்டம்தான். ஒரு வழியாக உள்ளே போனபோது, ரப்பர் செருப்பு போட்ட டாக்டர் அம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு நேராக சிட்டுவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் விரல் ஓரிடத்தில் நின்றது.

"உள்ள கல்லு மாதிரி சேர்ந்து கிடக்கு. ரொம்ப நாளா அடக்குறா. முன்னால ஒன்னுக்குப் பை, பின்னால இது. இது நெரிச்சா அது முழுசா காலியாகாது. தேங்கி நின்னா கிருமி, கிருமி வந்தா காய்ச்சல்." பிறகு சிட்டுவைப் பார்த்துக் கேட்டார். "ஸ்கூல்ல எத்தனை தடவை தண்ணி குடிப்பே கண்ணு?"

"குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"குடிச்சா வரும்."

"வந்தா போகலாமே?"

"பூட்டியிருக்கும்."

அம்மா குறுக்கே பேச வாயெடுத்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எப்பவுமே பூட்டியிருக்குமா?"

"பெல் அடிச்சா திறப்பாங்க. பெரிய அக்காங்க தள்ளிட்டுப் போயிடுவாங்க. நான் போறதுக்குள்ள மறுபடி பெல் அடிச்சிடும்."

"மிஸ்கிட்ட கேட்டா விடுவாங்கல்ல?"

சிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். எதையோ காட்டிக் கொடுக்கிற மாதிரி தயங்கினாள். "கேட்டா ஸ்டார் கிடைக்காது. வாரம் பூரா வெளிய போகணும்னு கேக்காதவங்களுக்குத்தான் சமத்து ஸ்டார்."

சிட்டுவின் அம்மாவுக்குப் பீரோ கதவு கண்முன் வந்து நின்றது. அத்தனை நட்சத்திரம்! அத்தனையும் இந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு வாங்கியது. அதற்குத்தான் அவள் முத்தம் கொடுத்தாள். அதற்குத்தான் வீடே கைதட்டியது.

"உங்க மேல தப்பில்லை" என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து. "கழுவுறது கழுவாததால வந்ததில்ல இது. மலம் இளக மருந்து தர்றேன், பல மாசம் விடாம கொடுக்கணும். கிருமிக்கும் மருந்து இருக்கு. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைங்க, காலுக்கு அடியில ஒரு முக்காலி போடுங்க. ரெண்டு ரெண்டரை மணிக்கு ஒருதடவை ஒன்னுக்குப் போகணும், வந்தாலும் வராட்டியும். தண்ணி குடிக்கணும். ஆனா இதெல்லாம் வீட்டுல நீங்க செய்வீங்க. பாதி நாள் பிள்ளை அங்கல்ல இருக்கு? அதுக்கு நான் மருந்து எழுத முடியாதும்மா."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தை உதட்டைப் பிதுக்கினாள். "இதுக்குப் போயி இவ்வளவா? நாங்கள்லாம் அடக்கிக்கிட்டு வளரலையா?"

சிட்டுவின் அம்மா, பொறுத்துப்போன அத்தனை வருடத்தில் முதல் முறையாகத் திரும்பிப் பேசினாள்.

"அண்ணி, கல்யாணத்துக்குப் போனா காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டீங்களே, ஏன்?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நானும் அப்படித்தான். சூப்பர்வைசர் வந்து கவுன்ட்டரை மூடினாத்தான் நான் போக முடியும். அவர் கூப்பிட்டா வர மாட்டார். அதனால தண்ணியே குடிக்கிறதில்ல. இதையே பழக்கமாக்கிட்டோம். அதனாலதான் அஞ்சு வயசுப் பிள்ளை காலைப் பின்னிக்கிட்டு நிக்கும்போது நமக்குக் கண்ணுல படல."

அத்தை கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் வீட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, குளியலறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் அவளால் முடிந்த சமாதானம்.

சிட்டுவின் அப்பா ஏசி மெக்கானிக். வாயில்லாப் பூச்சி. கேட்டதும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் சொன்னார்: "ஸ்கூல்ல சத்தம் போட்டுடாத. பிள்ளை தினமும் அவங்க கையிலதான் இருக்கணும். மனசுல வச்சுக்கிட்டு அவளைப் படுத்துவாங்க."

"இப்ப மட்டும் என்ன தாலாட்டியா தூங்க வைக்கிறாங்க?"

மறுநாள் சிட்டுவை அத்தையிடம் விட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு அவள் பள்ளிக்குப் போனாள். கணவர் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்.

முன்னறையில் மெத்தென்ற சோபா. கண்ணாடி அலமாரியில் கோப்பைகள். தொட்டியில் மீன்கள் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தன. அவளை அங்கே வெகுநேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் முதல்வர் கூப்பிட்டார். கஞ்சி போட்ட புடவை, கலையாத சிரிப்பு.

"மேடம், எம் பொண்ணு ஒன்னுக்குப் போக முடியாம காய்ச்சல்ல கிடக்குறா. மூணாவது தடவை."

"ஐயோ பாவம். வீட்டுல சுத்தமா..."

"வீட்டுல சுத்தமாத்தான் இருக்கோம் மேடம். இங்க பாத்ரூமைப் பூட்டி வச்சிருக்கீங்களாமே?"

சிரிப்பு கலையவில்லை. "குழந்தைங்க ஆயிரம் சொல்லும்மா. இன்டர்வெல்ல திறக்கிறோமே! எப்பவும் திறந்து போட்டா தண்ணியில விளையாடுறாங்க, குழாயைத் திருகி விட்டுடுறாங்க. புது டைல்ஸ் போட்டிருக்கோம். அட்மிஷனுக்கு வர்ற பேரன்ட்ஸ் முதல்ல பாத்ரூமைத்தான் பாக்குறாங்க."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளும் பார்த்திருக்கிறாள். சேர்க்க வந்த அன்று இதே அம்மாள்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இளஞ்சிவப்பு டைல்ஸ், பிள்ளைகள் உயரத்துக்கு வாஷ்பேசின், கதவில் யானைப் படம். 'பிள்ளைங்களை மனசுல வச்சுக் கட்டியிருக்காங்க' என்று வீட்டுக்கு வந்து அவளே கணவரிடம் சிலாகித்தாள்.

"அதைப் பாத்து ஏமாந்துதான் நானும் சேர்த்தேன்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "அப்ப அது பிள்ளைங்க போறதுக்கில்ல. எங்களுக்குக் காட்டுறதுக்கு."

"கொஞ்சம் மரியாதையா பேசுங்க. கட்டுப்பாடுன்னு ஒண்ணு வேணாமா? அடக்கிக்கப் பழகுறதும் ஒரு நல்ல பழக்கம்தான். அதனாலதான் சமத்து ஸ்டார் வச்சிருக்கோம். பிள்ளைங்க ஆசையா வாங்குறாங்க."

"ஆசையா இல்ல மேடம். பயந்து. உங்க மீன் தொட்டியில நாள் தவறாம தண்ணி மாத்துறீங்கள்ல? அந்த மீனுக்கு இருக்கிற அக்கறை எம் பொண்ணு மேல இல்லையா?"

சிரிப்பு ஒரு வழியாகக் கலைந்தது. "இஷ்டமில்லைன்னா தாராளமா டிசி வாங்கிக்கலாம். வெளியில எத்தனையோ பேர் சீட்டுக்காக நிக்கிறாங்க."

அவள் விடுவிடுவென்று வாசலுக்கு வந்தாள். பள்ளி விடும் நேரம். வாசலில் பெற்றவர்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். மகனை அழைத்துப் போக வந்து பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் அவள் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"உங்க பையனோட தண்ணி பாட்டில் எப்படித் திரும்பி வரும்ண்ணா? காலியாவா, நிறைஞ்சா?"

அவர் விழித்தார். "தெரியலையே. ஏன்?"

பெல் அடித்தது. பிள்ளைகள் வெள்ளமாக வெளியே வந்தார்கள். ஆட்டோக்காரரின் மகன் ஓடி வந்ததும் அவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். தளும்பக்கூட இடமில்லை, காலையில் ஊற்றியது அப்படியே இருந்தது.

"ஏன்டா குடிக்கல?"

"தாகம் எடுக்கலப்பா."

"இந்த வெயில்லயா?"

பையன் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, தன் மகள் பாட்டிலையும் திறந்து பார்த்தாள். அதுவும் நிறைய இருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "வீட்டு வாசல்ல இறங்கினதும் ஷூவைக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுவா. நாங்க அதைப் பாத்து தினமும் சிரிப்போம்."

அதன்பிறகு யாருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூடி திறக்கும் சத்தம்தான் வாசலெங்கும். ஒருத்தர் பிள்ளைக்கு வயிற்றுவலி என்று ஸ்கேன் வரைக்கும் போயிருந்தார். இன்னொருத்தி, படுக்கையை நனைத்ததற்காக மகனை அடித்திருந்தாள். அவள் அங்கேயே அவனை இழுத்து அணைத்துக்கொண்டு விசும்பினாள். நட்சத்திரத்தின் கதையைச் சிட்டுவின் அம்மா சொன்னபோது, பாதிப் பிள்ளைகள் கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டார்கள்.

"உள்ள போய்ப் பாத்துடலாம்" என்றார் ஆட்டோக்காரர்.

வாட்ச்மேன் ஒப்புக்கு ஒருமுறை கையை நீட்டிவிட்டு ஒதுங்கினார். அந்த நேரத்தில் வந்து சேர்ந்த சிட்டுவின் அப்பா, ஸ்கூட்டரை நிறுத்தி, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கும்பலுக்குப் பின்னால் நடந்தார். என்ன நடக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. மனைவியின் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

தாழ்வாரக் கடைசியில் யானைப் படம் போட்ட கதவு. கொண்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. முதல்வர் வேகவேகமாக வந்து சேர்ந்தார்.

"சாவி ஆயாகிட்ட இருக்கு. அவங்க கிளம்பிட்டாங்க. நாளைக்கு மீட்டிங் போட்டுப் பேசலாம்."

"பிள்ளைங்களுக்கு இப்ப வருது மேடம்" என்று யாரோ கத்தினார்கள்.

சிட்டுவின் அப்பா கும்பலை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவள் திடுக்கிட்டாள். கூலி பாக்கி வைக்கிறவனிடம்கூடக் குரலை உயர்த்தாத மனிதர். பையைக் கீழே வைத்தார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், "ஒரு நிமிஷம் மேடம்" என்றார். அந்தக் கைக்குத் தன் வேலை தெரியும். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. கொண்டியைப் பூட்டோடு சேர்த்துக் கழற்றி, திருகாணிகளையும் உள்ளங்கையில் வைத்து முதல்வரிடம் நீட்டினார்.

"உடைக்கல மேடம். கழட்டித்தான் கொடுத்திருக்கேன். எண்ணிப் பாத்துக்கங்க."

கதவு திறந்தது. உள்ளே இளஞ்சிவப்பு பளபளத்தது. பினாயில் வாசனை. வாஷ்பேசினில் ஒரு சோப்பு, மேலே போட்டிருந்த உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. இத்தனை மாதம்! பெரியவர்கள் அந்தச் சோப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற இடைவெளியில், ஒரு பொடியன் அவர்கள் கால்களுக்கிடையே புகுந்து உள்ளே ஓடினான். அடுத்து ஒரு பெண். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி பிள்ளைகள் பாய்ந்தார்கள். பைகள் தாழ்வாரமெங்கும் சிதறின. உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தமும், "சீக்கிரம் வாடா, சீக்கிரம் வாடா" என்ற கூச்சலும், ஒருவன் விட்ட "அப்பாடா!"வும் கேட்டன. வெளியே நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சிட்டுவின் அம்மாவுக்குச் சிரிக்க வரவில்லை. அவளுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தூணோரம் நின்ற வகுப்பு மிஸ் அவள் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் மேடம்கிட்ட எடுத்துச் சொன்னேங்க. ஒரு கிளாஸ்ல அத்தனை பிள்ளைங்க. ஒவ்வொருத்தரா வெளிய விட்டா பாடம் எப்ப முடியும்னு கேட்டாங்க. நான் என்ன பண்ண?"

"சரிங்க மிஸ். ஆனா எம் பொண்ணு சட்டையில ஸ்டாரை ஒட்டின கை யாருது?"

மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். சிட்டுவின் அம்மா இரக்கம் காட்டியிருக்கலாம். அன்றைக்கு அவளிடம் இரக்கம் மிச்சமில்லை.

மறுநாள் காலையில் கதவில் புதுக் கொண்டி முளைத்திருந்தது. முந்தின நாளைவிட அதிகமான பெற்றவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். மதியத்துக்குள் கொண்டி போயிற்று. கதவோரம் ஒரு ஆயாவை உட்கார வைத்தார்கள். சமத்து நட்சத்திரம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பது போல அது மறைந்து போயிற்று. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. முதல்வர் சிட்டுவின் அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் சிலர் அவளை 'பாத்ரூம் அம்மா' என்று பேசிக்கொண்டதாக ஆட்டோக்காரர் வந்து சொன்னார். "சொல்லட்டும்ண்ணா" என்றாள்.

கதவு திறந்துவிட்டது. சிட்டு திறக்க வேண்டுமே! அதுதான் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் நடந்த பாடு. மருந்து கலக்கிக் கொடுத்தாலும், முக்காலியில் காலை வைத்து உட்கார வைத்துக் கதை சொன்னாலும், பிள்ளை உடம்பை இறுக்கிக்கொண்டு அழுவாள். பள்ளியில் போனாயா என்று கேட்டால், "எனக்கு வரவே இல்லம்மா, நான் சமத்து" என்பாள். அதைக் கேட்கப் பொறுக்காமல் அம்மா பீரோவிலிருந்த நட்சத்திரங்களை ஒருநாள் கத்தியால் சுரண்டி எடுத்தாள். சிட்டு அதற்கும் அழுதாள். "நான் கஷ்டப்பட்டு வாங்கினது!" அந்த அழுகைக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் போட்டுக்கொண்டு, "ஆமாடா, ரொம்பக் கஷ்டப்பட்டே" என்று மட்டும் சொன்னாள்.

காய்ச்சல் அதன்பிறகு வரவில்லை. வயிற்றுவலி மெல்ல மெல்லக் குறைந்தது. டாக்டர், "அவசரப்படுத்தாதீங்க, உடம்புக்கு நம்பிக்கை வரணும்" என்றார்.

விடுமுறை நாளொன்றில் அம்மாவும் சிட்டுவும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அம்மா, எனக்கு மூச்சா வருது!"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "வீட்டுலயே போயிட்டு வர வேண்டியதுதானே? கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுங்க, அடுத்த ஸ்டாப் வந்துடும்."

"அடக்க மாட்டா" என்றாள் அம்மா, எழுந்துகொண்டே. "கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க!"

கண்டக்டர் முணுமுணுத்தபடி விசிலடித்தார். இறங்கிய இடத்தில் எதிரே ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடை, கண்ணாடிக் கதவு. மகளைத் தூக்கிக்கொண்டு அவள் நேரே உள்ளே நுழைந்தாள். டை கட்டிய ஒருவன் சிரித்த முகத்தோடு வழியில் வந்து நின்றான்.

"வாங்க மேடம். சோபா பாக்குறீங்களா, கட்டிலா?"

"பாத்ரூம்."

"அது... கஸ்டமருக்கு மட்டும் மேடம்."

"பாப்பா இப்ப உங்க கார்பெட் மேல நிக்கப் போறா" என்றாள் அவள், மகளை மெதுவாகக் கீழே இறக்கியபடி. "எங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவன் கார்பெட்டைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், பிறகு கடைக்கோடியில் இருந்த கதவைக் கைகாட்டினான். சிட்டு அம்மாவின் கையை உதறிவிட்டு, விலையுயர்ந்த கட்டில்களுக்கும் மேஜைகளுக்கும் நடுவே, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள்.